எண்ணெயும் காலமும்

நம் மணிக்கட்டில் துடிக்கும் இயந்திரக் கடிகாரத்தின் 'டிக் டிக்' ஓசை, முன்பு சட்டைப்பையில் ஒலித்த ஓசை. சுருள்வில்லின் விசையை அளவளவாக விடுவிக்கும் 'எஸ்கேப்மென்ட்' என்ற உறுப்பிலிருந்து அது எழுகிறது. இன்று பெரும்பாலான இயந்திரக் கடிகாரங்களில் உள்ள நெம்புகோல் எஸ்கேப்மென்டை லண்டனின் தாமஸ் மட்ஜ் 1755-ஐ ஒட்டி உருவாக்கினார். அதற்கொரு குறை உண்டு. சக்கரத்தின் பற்கள் மாணிக்கக் கற்களின்மீது சறுக்குவதால் எண்ணெய் இடவேண்டும். எண்ணெய் கெட்டிப்பட்டால் நேரம் பிசகும்.

பாரிஸில் தொழில் செய்த ஆபிரகாம்-லூயி பிரெகே (1747–1823), எண்ணெய் வேண்டாத 'இயற்கை எஸ்கேப்மென்ட்' ஒன்றைத் தம் சட்டைப்பைக் கடிகாரங்களில் முயன்றார். இரு சக்கரங்கள் மாறிமாறிச் சமநிலைச் சக்கரத்தை நேரே உந்தின. ஆனால் அவற்றை இணைத்த பற்களுக்கிடையேயான சிறு தளர்வே இயக்கத்தைக் குலைத்தது. அம்முயற்சி பரவவில்லை.

பிரெகேயின் கடிகாரங்களைப் பழுதுபார்த்தும் ஆராய்ந்தும் வந்த ஆங்கிலேயர் ஜார்ஜ் டேனியல்ஸ், 1970-களில் அந்தக் கேள்வியை மீண்டும் எடுத்தார். இரு சக்கரங்களையும் ஒரே அச்சில் அடுக்கினார்; 'கோ-ஆக்சியல்' அமைப்பு பிறந்தது. குவார்ட்ஸ் கடிகாரங்களால் ஸ்விஸ் தொழில் நிலைகுலைந்திருந்த காலம் அது. நிறுவனங்கள் நெடுநாள் தயங்கின. 1999-இல்தான் ஒமேகா அதைக் கைக்கடிகாரத்தில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. எண்ணெய் முற்றிலும் ஒழியவில்லை. சறுக்கும் உராய்வு வெகுவாகக் குறைந்தது.

பழைய கடிகாரங்களை நாம் அழகுக்காகப் பார்க்கிறோம். டேனியல்ஸ் அவற்றில், பிரெகே முடிக்காமல் விட்டுச்சென்ற கணக்கைப் பார்த்தார்.