சேலம் மாநாடும் 'திராவிடர்' என்னுஞ் சொல்லும்

ஒரு சொல்லின் பொருளை வரையறுத்துக்கொள்ளாது அதனைக்கொண்டு வாது புரிவோர், இருளின்கண் நின்று பொருவாரை ஒப்பர். அடிபட்டவன் பகைவனோ நண்பனோ என்பது அவர்க்குப் புலனாவதில்லை. தமிழ்நாட்டு அரசியலில் அத்தகைய வாதுக்குப் பெரிதும் இடமாய் நின்ற சொல் 'திராவிடர்' என்பதாம். அச்சொல் ஒரு பேரியக்கத்தின் பெயராக நிறுவப்பெற்ற இடம் சேலம் நகரம். காலம் 1944-ஆம் ஆண்டு ஆகஸ்டு 27-ஆம் நாள்.

ஒன்றற்கு இலக்கணங் கூறுங்கால் நேரக்கூடிய குற்றங்கள் மூன்று என்று தருக்க நூலார் வகுத்தனர். ஆவிற்கு இலக்கணம் கபில நிறமுடைமை எனின், பிற நிறமுடைய ஆக்களிடத்து அது செல்லாமையின் அவ்வியாத்தி. கொம்புடைமை எனின், எருமை முதலியவற்றினுஞ் சேறலின் அதிவியாத்தி. ஒற்றைக் குளம்புடைமை எனின், எவ்வாவினும் இன்மையின் அசம்பவம். இம்மூன்றும் இன்றி நிற்பதே இலக்கணம். இவ்வளவுகோலைத் திராவிடர் என்னுஞ் சொல்லின்மேல் வைத்து நோக்குதல் தக்கது. அதற்குமுன் அச்சொல் நடந்துவந்த வழியினை அறிதல் வேண்டும்.

பண்டை வடநூல்களில் அச்சொல் பெரும்பாலும் ஒரு நாட்டினையும் அந்நாட்டு மக்களையுங் குறித்தது. மனு நூல், கிரியைகளைக் கைவிட்டமையால் தாழ்வுற்ற க்ஷத்திரியருள் திராவிடரையும் வைத்து எண்ணுகின்றது. பாலி மொழியில் வழங்கும் தமிளர் என்பதும், வடமொழியில் வழங்கும் திரமிளம், திராவிடம் என்பனவும் தமிழ் என்னுஞ் சொல்லின் திரிபுகளே என்று ஆராய்ச்சியாளர் பலர் கொள்வர். பிற்காலத்து அந்தணருள் பஞ்ச கௌடர், பஞ்ச திராவிடர் என்னும் பகுப்பு எழுந்தது. விந்தத்திற்குத் தெற்கேயுள்ள கூர்ச்சரர், மகாராட்டிரர், தெலுங்கர், கன்னடர், தமிழர் ஆகிய ஐவகை அந்தணரும் திராவிடர் எனப்பட்டனர். சேலத்தில் அந்தணரை விலக்குதற்பொருட்டு எடுத்தாளப்பட்ட சொல், முன்னர் அந்தணரின் ஒரு பெரும்பிரிவிற்கே பெயராயிருந்தது என்பது கருதத்தக்கது.

சைவ உலகிற்கும் இச்சொல் புதியதன்று. சங்கரர் அருளியதாக வழங்கும் சௌந்தரியலகரி திராவிட சிசு என்று குறிப்பது திருஞானசம்பந்தரையே என உரைகாரர் பலர் கூறுவர். வேறு கூறுவாரும் உளர். சிவஞான முனிவர் சிவஞானபோதத்திற்கு இயற்றிய பேருரை திராவிட மாபாடியம் என்று போற்றப்படுகின்றது. இவ்விடங்களில் திராவிடம் என்பது தமிழே. குலத்தையேனும் கட்சியையேனும் அது சுட்டவில்லை.

1856-ஆம் ஆண்டு கால்டுவெல் ஐயர் தம் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டபோது இச்சொல் மூன்றாவதொரு பொருளைப் பெற்றது. தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம், துளு முதலியன ஓரினத்தன என்பதும், அவை வடமொழியின் கிளைகள் அல்ல என்பதும் அந்நூலால் விரிவாக நிறுவப்பட்டன. அவ்வினம் முழுவதற்கும் அவர் இட்ட பெயர் திராவிடம். இது மொழிநூற் குறியீடு.

அக்குறியீடு விரைவில் மக்கட்பெயராயிற்று. 1891-இல் அயோத்திதாசர் திராவிட மகாஜன சபையை நிறுவினார். 1917-இல் நீதிக்கட்சியார் 'திராவிடன்' என்னுந் தமிழ் நாளிதழைத் தொடங்கினர். 1922-இல் ஆதிதிராவிடர் என்னும் பெயர் அரசாங்கத்தால் ஏற்கப்பட்டது. எனினும் 1916-இல் தோன்றிய தென்னிந்திய நலவுரிமைச் சங்கத்தார், தம்மைச் சார்ந்த மக்களைப் பெரிதும் பிராமணரல்லாதார் என்றே வழங்கினர். இஃது எதிர்மறைப் பெயர். தாம் இன்னார் என்று கூறாது, இன்னார் அல்லர் என்று மட்டும் கூறுவது. தம்மைத் தாமே பிறரைக்கொண்டு அளந்துகொள்ளும் இப்பெயர் இழிவென்று பெரியார் ஈ. வே. இராமசாமி கருதினார்.

1938-இல் இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சியில் எழுந்த முழக்கம் 'தமிழ்நாடு தமிழருக்கே' என்பது. சேலத்தில் வழக்கறிஞராயிருந்து அந்நகராட்சித் தலைமையும் வகித்த இராசகோபாலாச்சாரியாரே அப்போது மாகாண முதலமைச்சர். சைவப் பேரறிஞர் மறைமலையடிகளும் சமயக் கருத்தில் தமக்கு முரணான பெரியாருடன் அக்கிளர்ச்சியில் ஒருங்கு நின்றார். அடுத்த ஆண்டிலேயே அம்முழக்கம் 'திராவிட நாடு திராவிடருக்கே' என மாறிற்று. 1944-இல் சேலத்தில் கூடிய மாநாடு, நீதிக்கட்சிக்குத் திராவிடர் கழகம் என்று பெயர் சூட்டிற்று. அரசாங்கம் அளித்த பட்டங்களையும் பதவிகளையும் துறத்தல் வேண்டும் என்னும் அண்ணாதுரையின் தீர்மானமும் அங்கு நிறைவேறிற்று. இவற்றை ஏலாத சிலர் பழைய பெயரோடே நீதிக்கட்சியை நடத்தினர். பின்னர் அவர்கட்குப் பி. டி. இராசன் தலைமை தாங்கினார்.

தமிழர் என்னும் பெயரே அமையாதோ என்று வினவினாரும் உளர். அதற்குப் பெரியார் தந்த விடை வருமாறு: தமிழர் எனின், தமிழ் பேசுதலால் அந்தணரும் உட்புகுவர், திராவிடர் எனின் அவர் உரிமை கோரார். மேலும் அந்நாளில் சென்னை மாகாணம் ஆந்திரப் பகுதியையும் மலையாளக் கரையையுந் தன்னகத்துக் கொண்டிருந்தது. மைசூர் எல்லையை அடுத்த சேலம் மாவட்டத்திலும் தெலுங்கும் கன்னடமும் இல்லத்தில் வழங்குவோர் பலர் வாழ்ந்தனர். அவர்க்கெல்லாம் இடந்தரும் பெயர் அதுவாயிருந்தது. அதே மாவட்டத்தினராகிய நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளையோ தமிழன் என்னும் பெயரையே பெருமையுடன் பாடினார். ஒரே நிலப்பரப்பில் இரு பெயர்களும் ஒருங்கு வளர்ந்தன.

இனி மேற்கூறிய அளவுகோலை வைப்போம். மொழியே இலக்கணம் எனின், தமிழ் பேசும் அந்தணர்மேலுஞ் சென்று கழகத்தார் கருத்திற்கு அதிவியாத்தியாம். சேலத்து நெசவாளருள் சௌராட்டிர மொழியினரையும், உருது பேசும் முகமதியரையும் எய்தாமையின் அவ்வியாத்தியுமாம். நாடே இலக்கணம் எனின், அந்நாட்டில் வாழ்வோர் அனைவரும் திராவிடராவர். குருதியே இலக்கணம் எனின், இந்திய மக்கள் ஏறத்தாழ அனைவரும் பண்டே கலப்புற்றோர் என்று இக்கால மரபணு ஆராய்ச்சி காட்டுதலின், கலப்பற்ற குருதி அசம்பவமாம். எஞ்சுவது ஒன்று. பிறப்புக் காரணமாக இழிவு சுமத்தப்பட்டோர், அவ்விழிவை ஏலோம் என்று தமக்குத் தாமே இட்டுக்கொண்ட பெயர் என்பது. சூத்திரர் என்னும் பெயரை மறுத்தற்கு எழுந்த மாற்றுப்பெயர் இது. இப்பொருளிலேயே அச்சொல் கழகத்தார்க்கு உயிர்ப்புடையதாயிற்று. ஆயினும் இது பொருளின் இயல்பை உணர்த்தும் இலக்கணமன்று; ஒரு குறிக்கோளை உணர்த்தும் பெயரேயாம். ஒன்றை மற்றொன்றாகக் கொண்டமையே பிற்காலப் பூசல்கட்கு வித்தாயிற்று.

பின் நிகழ்ந்தனவும் இதனை வலியுறுத்தும். 1949-இல் அண்ணாதுரை முதலியோர் பிரிந்து அமைத்த கழகம் திராவிட முன்னேற்றக் கழகம் எனப்பட்டது. திராவிடர் என்னுஞ் சொல்லின் ஈற்றெழுத்து நீங்கவே, மக்கட்பிரிவைச் சுட்டியது நிலத்தைச் சுட்டுவதாயிற்று. அந்நிலத்தார் யாவர்க்கும் அதன் வாயில் திறந்தது. 1956-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபின் பெரியார் தமிழ்நாடு என்னும் பழைய முழக்கத்திற்கே மீண்டார். 1963-இல் திராவிட முன்னேற்றக் கழகம் தனிநாட்டுக் கோரிக்கையைக் கைவிட்டது. 1969-இல் மாநிலத்தின் பெயரும் தமிழ்நாடு என்றாயிற்று. நாடு என்னும் பொருள் இவ்வாறு தேய்ந்தும், கட்சிப்பெயர்களில் அச்சொல் நிலைத்தது. 2021-க்குப்பின் ஓர் ஆட்சிமுறைக்கும் திராவிட மாடல் என்று பெயரிடப்பட்டது. ஒருவர் அதனைப் போற்றுதலும் மற்றொருவர் இகழ்தலும் பெரும்பாலும் வெவ்வேறு பொருள்பற்றியே நிகழ்கின்றன. ஆதலின் இச்சொல்லை எடுப்பார் யாவரும், நிலமோ மொழியோ குலமோ குறிக்கோளோ தாம் கருதியது எது என்பதை முதற்கண் கூறுதல் கடனாம்.

சேலத்திற்கு அணித்தாயுள்ள திருச்செங்கோடு, தேவாரத்துக் கொடிமாடச் செங்குன்றூர். அங்குக் குளிர்சுரத்தால் வருந்திய அடியார்பொருட்டுத் திருநீலகண்டப் பதிகம் அருளியவர், திராவிட சிசு என்று போற்றப்பெறும் சம்பந்தரே. அவர் திருநீலகண்ட யாழ்ப்பாணரைக் குலம் நோக்கி விலக்காது தம்முடன் கொண்டு தலங்கள்தோறுஞ் சென்றவர். பெயர் எப்பொருளில் வழங்கினும், பிறப்பால் எவரும் இழிந்தாரல்லர் என்னும் உண்மை அதனுள் நிற்குமாயின் அது பயனுடைய பெயராம். அவ்வுண்மை நீங்குமாயின் எஞ்சுவது வெற்றொலியேயாம்.