சிவனொளிபாதமலை: இரத்தினபுரி வழியும் அட்டன் வழியும்

உயரத்தை மட்டும் பார்த்தால் சிவனொளிபாதமலை இலங்கையின் முதல் மூன்று சிகரங்களுக்குள் வராது. அதன் உயரம் 2,243 மீட்டர், மிக உயர்ந்த சிகரமான பிதுருதலாகலை 2,524. ஆனால் மத்திய மலைநாட்டின் தென்மேற்கு ஓரத்தில், சப்ரகமுவைத் தாழ்நிலத்துக்கு நேர் மேலே கூம்பாக எழுந்து நிற்பதால் கடலோடிகளுக்கு அதுவே அடையாளமாயிற்று. மலையின் இரு பக்கமும் ஒன்றுபோல் இல்லை. தெற்கே இரத்தினபுரிப் பக்கம் பலாபத்தலையில் ஏறத் தொடங்குபவர், வடக்கே அட்டன் பக்கம் நல்லதண்ணியில் தொடங்குபவரைவிடப் பல நூறு மீட்டர் தாழ்வில் நிற்கிறார். இருந்தும் நெடுங்காலம் பேர்பெற்றிருந்தது கடினமான தெற்கு வழிதான்.

வடக்கு வழி ஆங்கிலேயரின் தோட்டக் காலத்தில் பிறந்தது என்று எண்ணத் தோன்றும். ஆனால் அரசன் முதலாம் விஜயபாகு (1055–1110) யாத்திரிகருக்குச் செய்த ஏற்பாடுகளைச் சொல்லும் கல்வெட்டு அம்பகமுவையில், அதாவது வடக்குப் பக்கத்தில்தான் கிடைத்தது. தெற்கு வழியிலுள்ள கிலிமலையையும் அவன் யாத்திரிகருக்காக மானியமாக விட்டான். ஆக, இரு வழிகளும் அன்றே புழக்கத்தில் இருந்தன. உச்சியிலுள்ள பாதச்சுவட்டின் தளத்துக்குக் கீழே தாழ்ந்த சாதியார் நின்று வணங்கத் தனி மேடை கட்டியதையும் அக்கல்வெட்டு குறிக்கிறது. எந்த வழியாக ஏறினாலும் உச்சியில் எல்லாருக்கும் ஒரே இடம் கிடைக்கவில்லை.

1344இல் வந்த பயணி இபின் பதூதாவின் குறிப்பு இன்னும் துல்லியமானது. புத்தளத்தில் அவரை வரவேற்ற அரசன் ஆரியச்சக்கரவர்த்தி பல்லக்கும், ஆண்டுதோறும் மலைக்குப் போய்வரும் யோகியர் நால்வரும், பிராமணர் மூவரும், சுமை தூக்கப் பதினைந்து பேரும் கொடுத்து அனுப்பினான். மலையில் ஆதமின் பெயரால் ஒரு பாதை, ஏவாளின் பெயரால் ஒரு பாதை. ஏவாள் பாதை எளிது, இறங்குவதற்கு உரியது. அதன் வழியே ஏறியவரை யாத்திரை செய்தவராகவே கொள்வதில்லையாம். ஆதம் பாதையில் பாறையில் படி வெட்டி, இரும்பு முளை அறைந்து, பத்துச் சங்கிலிகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். கடினப் பாதைக்கு இருந்த மதிப்பின் காரணத்தை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் சான்றை நான் காணவில்லை.

1817இல் ஏறிய ஆங்கிலேய மருத்துவர் ஜான் டேவியும் இரத்தினபுரியிலிருந்தே போனார். நிலை மாறியது அதற்குப் பிறகு. கோப்பித் தோட்டங்களுக்காக வடக்குப் பக்கத்து மஸ்கெலியாக் காடு அழிக்கப்பட்டது. இலைநோயில் கோப்பி மடிந்தபின் தேயிலை வந்தது. காட்டை வெட்டியதும் சாலை போட்டதும் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர்கள். 1884இல் ரயில் அட்டனை எட்டியது. கொழும்பில் ரயிலேறுபவர் மலையடிவாரத்துக்கு முன்னைவிட அருகே, அதுவும் ஆயிரம் மீட்டருக்கு மேலான உயரத்தில் இறங்க முடிந்தபோது, எளிய வழியை இகழ்ந்த பழைய வழக்கம் நிற்கவில்லை. பக்தி குறைந்ததால் வந்த மாற்றம் அல்ல இது. தோட்டச் சரக்குக்குப் போட்ட தண்டவாளம் யாத்திரிகரையும் ஏற்றிக்கொண்டது.

இன்று யாத்திரைப் பருவம் டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி மே மாத வெசாக்கில் முடிகிறது. பின் தென்மேற்குப் பருவமழை. நல்லதண்ணி வழியில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள், இரவெல்லாம் மின்விளக்கு, தேநீர்க் கடைகள். பலாபத்தலை வழியிலும் குருவிட்ட–எரத்ன வழியிலும் கூட்டம் குறைவு. நெடுந்தூரம் காட்டுக்குள் நடக்க வேண்டும், அட்டைக்கடியும் உண்டு. நீண்ட வழியாக ஏறினால் புண்ணியம் கூடும் என்று நம்பி அவற்றைத் தேர்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.