52 எக்ஸ் என்பது உண்மையில் எவ்வளவு வேகம்?

போன மாசம் வீட்டில் பரண் சுத்தம் பண்ணும்போது ஒரு சிடி கிடைத்தது. மேலே மார்க்கரில் அம்மாவின் கையெழுத்து: "தாத்தா, 2004". தாத்தா பேசிப் பதிவு பண்ணின ஒரு கேசட்டை, அந்த வருஷம் ஏதோ ஒரு கடையில் கொடுத்து சிடியாக மாற்றி வாங்கியிருக்கிறார்கள். என் லேப்டாப்பில் டிரைவே கிடையாது. யூஎஸ்பி டிரைவ் ஒன்று வாங்கிப் போட்டேன். முதல் ஒரு மணி நேரம் அருமையாக காப்பி ஆனது. கடைசி பத்து நிமிஷம் மட்டும் வரவே இல்லை. உள்ளே கடகடன்னு சத்தம், அப்புறம் எரர்.

ஏன் கடைசி மட்டும்? இதைத் தேடப் போய்த்தான் சிடி ரைட்டர்களின் பழைய வேகப் பந்தயத்துக்குள் போய் விழுந்தேன்.

முதலில் இந்த 'எக்ஸ்'. ஒரு எக்ஸ் என்றால் பாட்டு கேட்கிற வேகம், நொடிக்கு 150 கிலோபைட். 74 நிமிஷ டிஸ்க்கை எழுத 74 நிமிஷம். எழுதக்கூடிய சிடிக்கான 'ஆரஞ்சு புக்' தரம் வந்தது 1990-இல். 1995-இல் ஹெச்பி ஆயிரம் டாலருக்குக் கொஞ்சம் கீழே ஒரு ரைட்டரை விற்றபோது, அது எழுதின வேகம் வெறும் 2 எக்ஸ். அதுவே அப்போது பெரிய செய்தி.

அதற்கப்புறம் 4, 8 என்று ஏறியது. ஆனால் ஏற ஏற ஒரு சிக்கல். நம்ம ஊர் சாஃப்ட்வேர் பசங்களுக்கு இது பழகின கதைதான்: ஒரு பக்கம் டேட்டா கொடுக்கிறவன், இன்னொரு பக்கம் வாங்குகிறவன், நடுவில் பஃபர். லேசர் எழுத ஆரம்பித்தால் நிறுத்த முடியாது. பஃபர் காலியானால் டிஸ்க் அவ்வளவுதான், ஆட்டோவில் கண்ணாடி முன்னால் தொங்கவிடத்தான் ஆகும். 2 எம்பி பஃபர் 2 எக்ஸில் கிட்டத்தட்ட ஏழு நொடி தாங்கும். அதே பஃபர் 16 எக்ஸில் ஒரு நொடிகூடத் தாங்காது. அதனால்தான் அந்தக் காலத்து ஆட்கள், "சிடி எழுதுது, மவுஸைத் தொடாதே"ன்னு கத்துவார்கள். ஸ்க்ரீன் சேவர் வந்தால்கூட பயம்.

அதாவது, மோட்டாரை வேகமாகச் சுற்றினால் மட்டும் ரைட்டர் வேகமாகிவிடாது. இதை உடைத்தது சான்யோ நிறுவனத்தின் 'பர்ன் ப்ரூஃப்'. டேட்டா வரவில்லை என்றால் லேசர் நிற்கும். வந்ததும் விட்ட இடத்தைத் துல்லியமாகக் கண்டுபிடித்து மறுபடி தொடரும். 2000-இல் பிளெக்ஸ்டர் 12/10/32 என்ற மாடலில் இது வந்தது. (அந்த மூன்று எண்களும் வரிசையாக: எழுத, அழித்து எழுத, படிக்க.) வெறும் 12 எக்ஸ்தான். ஆனால் என்னைக் கேட்டால், பின்னால் வந்த 52 எக்ஸைவிட இதுதான் பெரிய பாய்ச்சல்.

அப்போ 52 எக்ஸ்? இங்கேதான் விளம்பரம் விளையாடுகிறது. பாட்டு சிடியில் ஒரே சீரான வேகத்தில் டேட்டா ஓட வேண்டும். அதனால் டிஸ்க் உள் வட்டத்தில் நிமிஷத்துக்கு சுமார் 500 சுற்று, வெளி விளிம்பில் 200 சுற்று. அதையே 52 மடங்கு பண்ணினால் உள்ளே 26,000 சுற்று. பிளாஸ்டிக் தட்டு சுக்குநூறாகிவிடும். அதனால் சுற்றும் வேகத்தை பத்தாயிரத்தை ஒட்டி நிலையாக வைத்துக்கொண்டார்கள். விளைவு? உள்ளே ஆரம்பிக்கும்போது 22 எக்ஸ் சுமாருக்குத்தான் எழுதும். பெட்டியில் போட்ட 52, விளிம்பைத் தொடுகிற கடைசி சில நொடிகளில் மட்டும். 24 எக்ஸ் டிரைவ் முழு சிடிக்கு சுமார் நாலு நிமிஷம் எடுத்தால், 52 எக்ஸ் இரண்டரை நிமிஷம். எண் இரட்டிப்புக்கு மேல், மிச்சம் ஒரு டீ ஆற்றுகிற நேரம்!

சிலர் எதிர்த் திசையில் போனார்கள். யமஹா ஒரு வசதி கொடுத்தது: டிஸ்க்கில் குழிகளை நீளமாக எழுதும், கொள்ளளவு பத்து நிமிஷம் போல குறையும், பதிலுக்குப் படிப்பது தெளிவாக இருக்கும். பிளெக்ஸ்டர் 2003-இல் 'பிரீமியம்' டிரைவில், எழுதின டிஸ்க்கில் எத்தனை பிழை இருக்கிறது என்பதை கிராஃப் போட்டுக் காட்டியது. சி1 என்றால் சுலபமாகத் திருத்தக்கூடிய பிழை. சி2 என்றால் அந்த முதல் திருத்தத்தில் சரியாகாமல் அடுத்த கட்டத்துக்குப் போனது. அந்த கிராஃப் இருந்தவர்கள் வேகத்தைப் பேசுவதை விட்டுவிட்டு, "உன் டிஸ்க்கில் சி2 எவ்வளவு?"ன்னு பேச ஆரம்பித்தார்கள்.

தாத்தா சிடிக்கு வருவோம். சிடி உள்ளிருந்து வெளியே எழுதப்படும். அதனால் கடைசி பத்து நிமிஷம் விளிம்பில் இருக்கிறது. எழுதும்போதும் படிக்கும்போதும் டிரைவ் உச்ச வேகத்தைத் தொடுகிற இடம், கை படுகிற இடமும் அதுதான். கடைக்காரர் அவசரப்பட்டாரா, இருபது வருஷப் பரண் சூடா, என்னால் சொல்ல முடியாது. லினக்ஸில் 'இஜெக்ட்' கமாண்டிலேயே வேகத்தைக் குறைக்க ஒரு ஆப்ஷன் இருக்கிறது. என் புது டிரைவ் அதை மதிக்கவே இல்லை. நண்பன் வீட்டு பழைய டெஸ்க்டாப்பில் இருந்த டிரைவ் மதித்தது. 4 எக்ஸில் வைத்தேன். சில இடங்களில் திரும்பத் திரும்பப் படித்து, அந்தப் பத்து நிமிஷத்துக்கு முக்கால் மணி நேரம் எடுத்தது.

வந்துவிட்டது. கடைசியில் தாத்தா இருமிவிட்டு, பாட்டியிடம் கேட்கிறார்: "ஏம்மா, இது இன்னும் ஓடுதா?"