இசைக்கருவிக்கும் ஒலிக்கலப்பு மேசைக்கும் இடைநின்ற பெட்டி

இசைத்தட்டுகளின் வரலாற்றை எழுதுவோர் பாடகரையும் வாத்தியக்காரரையும் போற்றுவர். அவர்தம் நாதத்தைப் பழுதின்றிப் பதிவுக்குக் கொண்டுசென்ற சிறு கருவிகளை எண்ணிப் பார்ப்பவர் மிகச் சிலரே. 'டி.ஐ. பெட்டி' அத்தகைய கருவிகளுள் ஒன்றாகும்.

மின்கிற்றாரின் காந்தச் சுருளில் எழும் சைகை மின்தடங்கல் மிக்கது. அதனை நீண்ட கம்பிவழி நேரே மேசைக்குச் செலுத்தின், உச்சத் தொனிகள் தேயும். மின்வழங்கலின் இரைச்சலும் புகும். ஒலிபெருக்கியின் முன் ஒலிவாங்கியை வைப்பதே பழைய வழக்கம். ஆயின், பலர் ஒருங்கே இசைக்கும் அறையில் ஒருவரது ஒலி மற்றவரது ஒலிவாங்கியிலும் விழுந்தது.

1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் டெட்ரோயிற் நகரில் எட் வூல்ஃப்ரம் என்னும் பொறியியலாளர் இதற்கு மாற்று அமைத்தார். மைக்கல் பரடே 1831இல் வெளிப்படுத்திய மின்காந்தத் தூண்டலே அதன் அடிப்படை. பெட்டியினுள் உள்ள நிலைமாற்றியின் சுற்று விகிதம் 12:1 எனின், அழுத்தம் 12இல் ஒரு பங்காகவும் மின்தடங்கல் 144இல் ஒரு பங்காகவும் குறையும். வெளிவரும் சைகை எதிரெதிர் முனைவுடன் இரு கம்பிகளிற் செல்லும். மேசை அவ்விரண்டின் வேற்றுமையையே கொள்வதால், இரண்டிலும் ஒப்பப் புகுந்த இரைச்சல் கழிந்தொழியும்.

அந்நகரத்து மோட்டவுன் கலையகத்தில் ஜேம்ஸ் ஜேமர்சனின் பாஸ் கிற்றார் நேரிணைப்பினால் தெளிவுறப் பதிந்தது. 1967இல் இலண்டன் அபே ரோட் கலையகத்தில் கென் ரவுன்சென்ட் அமைத்த பெட்டி, பீற்றில்ஸ் குழுவினரின் 'சார்ஜன்ட் பெப்பர்' இசைத்தட்டுக்கு உதவிற்று. இலண்டனே இதன் பிறப்பிடம் என்பாரும் உளர். காலவரிசை அதற்கு இடந்தராது.

இப்பெட்டி தானாக யாதோர் ஒலியையும் எழுப்பியதில்லை. பிறர் எழுப்பியதைக் கெடாது காத்தது. அக்காவலும் வரலாற்றில் இடம்பெறத் தக்கதே.