பூனையும் பூந்தொட்டியும்: முற்றம் மறைந்த வீடுகள்

நபித்தோழர் அபூ கதாதா (ரலி) அவர்கள் உளூச் செய்ய வைத்த நீரைத் தேடி ஒரு பூனை வந்தது. அது குடித்து முடிக்கும்வரை அவர்கள் பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தார்கள். வியந்து நோக்கிய மருமகளிடம், பூனை அசுத்தமானதன்று, நம்மைச் சுற்றி வருபவற்றுள் ஒன்று என அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கூறியதை எடுத்துரைத்தார்கள். அன்று முதல் முஸ்லிம் இல்லங்களில் பூனைக்கு இடம் உண்டு.

பூவிருந்தவல்லியிலும் ஆவடியிலும் அம்பத்தூரிலும் பழைய வீடுகளுக்கு முற்றமும் கொல்லையும் இருந்தன. அரளி வேலியோரம் நின்றது. பூனை தன் விருப்பப்படி உலவி, அறுகம்புல்லைக் கடித்துத் திரும்பியது. குப்பைமேனிக்குப் ‘பூனைவணங்கி’ என்று பெயரிடும் அளவுக்கு நம் முன்னோர் அதன் நாட்டத்தைக் கவனித்திருந்தனர்.

1960களில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும், 1964இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் எழுந்தன. மக்கள் பெருகினர், வயல்கள் மனைகளாயின, மனைகள் அடுக்ககங்களாயின. கொல்லை மறைந்தபோது செடியும் பூனையும் ஒரே கூடத்துக்குள் வந்தன.

அச்செடிகளுள் பல அயல்நாட்டவை. 1833இல் லண்டன் மருத்துவர் நத்தானியேல் வார்டு, கண்ணாடிப் பெட்டிகளில் செடிகளை வைத்து சிட்னிக்கு உயிருடன் அனுப்பிக் காட்டினார். அதன்பின் செடிகள் கடல் கடப்பது எளிதாயிற்று. இன்று நம் கூடத்தில் படரும் மணி பிளான்ட் பசிபிக் தீவிலிருந்து வந்தது. டிஃபன்பேக்கியா தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. இவ்விரண்டின் இலைகளிலும் ஊசி போன்ற படிகங்கள் உள்ளன. கடித்த பூனையின் வாய் எரிந்து வீங்கும், எச்சில் வடியும்.

இவற்றினும் கொடியது லில்லி. அதன் மகரந்தத்தை நக்கினாலும், பூச்சாடி நீரைக் குடித்தாலும் ஓரிரு நாள்களில் பூனையின் சிறுநீரகம் செயலிழக்கக்கூடும். அரளி இதயத்தைத் தாக்கும்; சைக்கஸ் கல்லீரலைக் கெடுக்கும். நம் மாநில மலராகிய செங்காந்தளும் நஞ்சுடையதே.

பூனையை அடைத்துவைத்து, தானும் உணவளிக்காமல், பூமியின் உயிரினங்களைத் தேடித் தின்னவும் விடாத பெண் தண்டிக்கப்பட்டதை நபிமொழி எச்சரிக்கிறது. இதில் நமக்குப் பாடம் உண்டு. வெளியே விடாமல் வளர்க்கும் பூனைக்குத் தன் உணவைத் தேர்ந்துகொள்ளும் உரிமை இல்லை. அதன் வாய்க்கு எட்டுவது அனைத்துக்கும் நாமே பொறுப்பு. அது அமானிதம்.

ஆகவே, பூனை உள்ள வீட்டில் லில்லியையும் சைக்கஸையும் வைக்காதிருப்போம். உயரத்தில் வைப்பது காப்பாகாது; பூனை ஏறும். மல்லிகை, ரோஜா ஆகியன அச்சமின்றி வளர்க்கத்தக்கவை. சிறு தொட்டியில் அறுகம்புல்லும் வளர்த்துக் கொடுக்கலாம். நச்சுச் செடியைக் கடித்ததாக ஐயம் எழுந்தால், வாந்தி வரட்டும் எனக் காத்திராமல், கைவைத்தியமும் செய்யாமல், அச்செடியின் துண்டுடன் கால்நடை மருத்துவரிடம் உடனே செல்ல வேண்டும். 1903இல் தொடங்கப்பட்ட வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி நம் நகரிலேயே உள்ளது.

நீர்ப்பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்த அந்தக் கருணை, இன்று ஒரு பூந்தொட்டியை அகற்றுவதிலும் வெளிப்படலாம், இன்ஷா அல்லாஹ்.