முகம் கழுவும் முறை: பெரம்பலூர் – அரியலூர் வட்டாரம்

எண்ணெய்ப் பசை மிகுந்த சருமத்திலும் எளிதில் எரிச்சல் காணும் சருமத்திலும் படியும் எண்ணெய், வியர்வை, தூசி ஆகியவற்றை, சருமத்தின் பாதுகாப்பு அடுக்கு கெடாமல் நீக்குவதே முகத் தூய்மையின் நோக்கம். பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் இது நிலத்தடி நீரோடும் செய்யும் தொழிலோடும் நெருங்கிய தொடர்புடையது. உப்புத் தண்ணீர், சிமென்ட் தூசி, கோடை வெயில் மூன்றும் சேரும் இடத்தில், எந்தப் பொருளைப் பூசுவது என்பதைவிட எந்தத் தண்ணீரில், எவ்வளவு மென்மையாகக் கழுவுவது என்பதே முகத்தின் நலத்தைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

வட்டாரச் சூழல்

பெரம்பலூர் மாவட்டம் 1995-ல் திருச்சிராப்பள்ளியிலிருந்து பிரிக்கப்பட்டது. அதிலிருந்து 2001-ல் பிரிந்த அரியலூர், அடுத்த ஆண்டே மீண்டும் இணைக்கப்பட்டு, 2007-ல் நிலையாகத் தனி மாவட்டமானது. பெரம்பலூரின் மேற்குப் பகுதி பச்சைமலையை ஒட்டிய பழம்பாறை நிலம். கிழக்கே செல்லச் செல்ல, கிரெட்டேசியஸ் காலக் கடல் விட்டுச்சென்ற படிவுகள் தொடங்கி அரியலூருக்குள்ளும் பரவுகின்றன. காரை, சாத்தனூர்ப் பகுதிகளில் கிடைக்கும் தொல்லுயிர் எச்சங்களும் அரியலூரைச் சுற்றியுள்ள சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் அந்தக் கடல் தந்தவை. அரசின் அரியலூர் சிமென்ட் ஆலை 1979 முதல் இயங்குகிறது. தனியார் ஆலைகளும் பல உள்ளன.

சுண்ணாம்புக்கல் வழியே ஊறி வரும் நீரில் கால்சியமும் மக்னீசியமும் கரைந்திருக்கும். ஊர் மக்கள் இதை உப்புத் தண்ணீர் என்றும், ஆற்றிலிருந்து குழாயில் வருவதை நல்ல தண்ணீர் என்றும் பிரித்துச் சொல்வார்கள். கருங்கல் குவாரிகளும் கிரஷர்களும், மக்காச்சோளம், பருத்தி அறுவடையும், சுண்ணாம்புக்கல் ஏற்றிச்செல்லும் லாரிகளும் ஆண்டின் பெரும்பகுதி தூசியைக் கிளப்புகின்றன.

சருமத்தின் இயல்பு

நெற்றி, மூக்கு, முகவாய் ஆகிய இடங்களில் எண்ணெய்ச் சுரப்பிகள் நெருக்கமாக உள்ளன. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 400 முதல் 900 வரை இருக்கலாம். பருவ வயதில் ஆண்ட்ரோஜன் ஹார்மோன்கள் இவற்றைத் தூண்டுவதால் எண்ணெய் வடிகிறது. இந்த எண்ணெய் அழுக்கு அல்ல. சருமம் வறண்டு வெடிக்காமல் காக்க இது உதவுகிறது. மயிர்க்கால் வாயில் இறந்த செல்கள் அடைத்து, உள்ளே கியூட்டிபாக்டீரியம் ஆக்னெஸ் என்னும் நுண்ணுயிர் பெருகும்போதுதான் முகப்பரு உண்டாகிறது. கோடையில் வரும் வேர்க்குரு வியர்வைக் குழாய் அடைப்பால் வருவது. அதற்கும் பருவுக்கும் தொடர்பில்லை.

சென்சிட்டிவ் சருமம் என்பது வேறு. மற்றவர்களுக்கு ஒன்றும் செய்யாத சோப்பு, வெயில், காற்று, கிரீம் பட்டாலே எரிவது, குத்துவது, அரிப்பது இதன் அடையாளம். முகம் சிவக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மாநிறத்திலும் கருநிறத்திலும் சிவப்பு தெரியாமலும் போகலாம். எண்ணெய் வழியும் முகமே சென்சிட்டிவாகவும் இருப்பது உண்டு. எண்ணெயைப் போக்க ஓயாமல் சோப்பு போட்டவர்களிடம் இந்தக் கலப்பு நிலை அதிகம் காணப்படுகிறது.

சருமத்தின் மேற்பரப்பு இலேசான அமிலத்தன்மை கொண்டது, பி.எச். அளவு ஏறத்தாழ 4.5 முதல் 5.5 வரை. சாதாரண சோப்பின் அளவு 9-க்கும் 10-க்கும் இடையில். சோப்பு போட்டபின் சருமம் இழந்த அமிலத்தன்மையை மீட்க நேரம் பிடிக்கும். அதற்குள் மறுபடி கழுவினால் பாதுகாப்பு அடுக்கு தேய்கிறது.

தண்ணீர்

கால்சியமும் மக்னீசியமும் மிகுந்த கடின நீரில் சோப்பு எளிதில் நுரைப்பதில்லை. சோப்பிலுள்ள கொழுப்பு அமிலம் கால்சியத்தோடு சேர்ந்து, கரையாத வெண்படிவாக மாறுகிறது. குழாய் முனையிலும் கீசர் சுருளிலும் படியும் வெள்ளைப் பொருக்கு நீரிலுள்ள சுண்ணாம்பு. வாளியின் உட்புறத்தில் பிசுபிசுப்பாக ஒட்டுவது சோப்பும் சுண்ணாம்பும் சேர்ந்த படிவு. இந்தப் படிவு முகத்திலும் மெல்லியதாகத் தங்கும். குடிநீருக்கான இந்தியத் தர அளவு ஐ.எஸ். 10500-ன்படி மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை அனுமதி.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்கேற்று 2018-ல் வெளியான ஓர் ஆய்வு, கடின நீரில் கழுவும்போது சோடியம் லாரில் சல்பேட் என்னும் நுரைப்பொருள் சருமத்தில் அதிகம் தங்கி எரிச்சல் தருவதைக் காட்டியது. கரப்பான் போன்ற தோல் நோய் உடையவர்களிடம் விளைவு கூடுதலாக இருந்தது.

இதற்கு வீட்டில் செய்யக்கூடியவை எளியவை. நுரையைப் போக்க உப்புத் தண்ணீரையே பயன்படுத்தினாலும், கடைசியாக ஒரு சொம்பு நல்ல தண்ணீரில் முகத்தை அலசலாம். சுண்ணாம்புப் பகுதி நீரின் கடினத்தன்மையில் ஒரு பங்கு பைகார்பனேட்டால் வருவது. கொதிக்கவைத்து ஆறவிட்டு, அடியில் தங்கும் படிவை விட்டுத் தெளிந்த நீரை மட்டும் இறுத்தால் அந்தப் பங்கு குறையும். மழைநீரில் கடினத்தன்மை மிகக் குறைவு. தமிழ்நாட்டில் 2003-ல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டதையொட்டித் தொட்டி அமைத்த வீடுகளில் இந்த நீரை முகத்துக்கு ஒதுக்கலாம்.

மரபுப் பொருள்கள்

பயத்தமாவு, கடலை மாவு, நலங்கு மாவு ஆகிய மூன்றும் வீடுகளில் இன்றும் புழங்குகின்றன. பயறு, கடலை மாவுகள் எண்ணெயை உறிஞ்சியும், தம்மிடமுள்ள சிறிதளவு சப்போனின் என்னும் இயற்கை நுரைப்பொருளாலும் அழுக்கை எடுக்கின்றன. சோப்பைப் போலக் காரம் ஏற்றாதது இவற்றின் நன்மை. நலங்கு மாவில் பச்சைப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, வெட்டிவேர், ஆவாரம்பூ, ரோஜா இதழ், கார்போக அரிசி போன்றவை வீட்டுக்கு வீடு அளவு மாறிச் சேரும்.

மாவு எப்படி அரைக்கப்படுகிறது என்பதில்தான் சிக்கல் வருகிறது. நிழலில் உலர்த்திய சரக்கை மில்லுக்குக் கொடுக்கும்போது, முன்னால் மிளகாய் அரைத்த இயந்திரத்தில் போட்டால் அந்தக் காரம் மாவில் ஏறிவிடும். அதனால் சீயக்காய் அரைக்கும் தனி இயந்திரத்தில் கொடுப்பார்கள். இல்லையென்றால் முதலில் ஒரு பிடி பச்சரிசியை ஓட்டித் தள்ளிவிட்டு அரைக்கச் சொல்வார்கள். அரைத்ததை மெல்லிய துணியில் சலித்தெடுக்க வேண்டும். மேலே நிற்கும் கப்பி கைக்கும் காலுக்கும் உதவும்; முகத்தில் தேய்த்தால் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். ஈரம் பட்ட மாவில் பூஞ்சணம் பிடிக்கும் என்பதால் உலர்ந்த கரண்டியால் எடுத்து, அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் குழைப்பது நல்லது.

உசிலை மரத்து இலையை அரைத்த அரப்பும் சீயக்காயும் தலைக்கு உரியவை. இவற்றின் சப்போனின் கண்ணில் பட்டால் கடுமையாக எரியும். சென்சிட்டிவ் முகத்துக்கு ஆகாது. கஸ்தூரி மஞ்சளும் எல்லாருக்கும் ஒத்துக்கொள்வதில்லை. மூலிகை என்பதாலேயே ஒவ்வாமை வராது என்று சொல்ல முடியாது.

சோப்பு, பேஸ்வாஷ்

சோப்பு உறையிலுள்ள டி.எஃப்.எம். என்பது மொத்தக் கொழுப்புப் பொருளின் அளவு. இந்தியத் தர அளவின்படி முதல் தரச் சோப்பில் இது குறைந்தது 76 விழுக்காடு, இரண்டாம் தரத்தில் 70, மூன்றாம் தரத்தில் 60. அதற்கும் கீழே உள்ளவை ‘பாத்திங் பார்’ என்ற பெயரில் விற்கப்படுகின்றன. டி.எஃப்.எம். கூடினால் வறட்சி ஓரளவு குறையும், காரத்தன்மை மாறாது. மூலிகைச் சோப்பும் அப்படியே. சென்னையில் ரயில்வே மருத்துவராக இருந்த வி.பி. சித்தன் 1969-ல் மெடிமிக்ஸ் சோப்பைத் தொடங்கியதிலிருந்து தமிழ்நாட்டில் மூலிகைச் சோப்புக்கு நிலையான சந்தை உண்டு. ஆனால் எந்த மூலிகை சேர்ந்தாலும், அடிப்படை சோப்பு என்றால் அது சோப்பின் குணத்தையே காட்டும்.

செயற்கை நுரைப்பொருளால் ஆன சிண்டெட் கட்டிகளும் பேஸ்வாஷ்களும் சருமத்தின் பி.எச். அளவை ஒட்டித் தயாரிக்க ஏற்றவை. உப்புத் தண்ணீரில் சோப்பைப் போல வெண்படிவு விடுவதில்லை. எண்ணெய்ப் பசைக்கும் கரும்புள்ளிக்கும் 0.5 முதல் 2 விழுக்காடு சாலிசிலிக் அமிலம் உள்ளவை பயன்படுகின்றன. சீழ் வைக்கும் பருவுக்குப் பென்சாயில் பெராக்சைடு தரப்படுகிறது. இது துண்டையும் தலையணை உறையையும் வெளுக்கச் செய்யும் என்பதால் வெள்ளைத் துண்டு பயன்படுத்துவார்கள். சென்சிட்டிவ் சருமத்துக்கு மணமும் நிறமும் இல்லாத, நுரை குறைந்த கிளென்சரே பொருத்தம்.

எளிய முறை

முதலில் கையைக் கழுவ வேண்டும். முகத்தில் வெதுவெதுப்பான அல்லது சாதாரண நீரை அள்ளி ஊற்றி, மேலோட்டமான தூசியை இறக்கிவிட வேண்டும். பட்டாணி அளவு பேஸ்வாஷை உள்ளங்கையில் நுரைக்கவிட்டு, விரல் நுனியால் அரை நிமிடம் வட்டமாகத் தடவ வேண்டும். நெற்றி, மூக்கோரம், முகவாயில் சற்றுக் கூடுதல் கவனம். கண்ணைச் சுற்றித் தேய்க்க வேண்டியதில்லை. மயிரோரம், தாடை விளிம்பு, காதோரம் ஆகிய இடங்களில் நுரை தங்கிவிடும். அங்கே நன்றாக அலச வேண்டும். பருத்தித் துண்டால் ஒற்றியெடுத்து, ஈரம் முழுதும் காயுமுன் மாய்ஸ்சரைசர் தடவலாம்.

எண்ணெய்ப் பசை முகத்துக்குக் காலை, இரவு என இரு வேளையும், மிகுதியாக வியர்த்தபின் ஒரு முறையும் போதும். 2006-ல் வெளியான ஒரு சிறு ஆய்வில், பரு உள்ள இளைஞர்கள் தினம் ஒரு முறை, இரு முறை, நான்கு முறை கழுவுவோராகப் பிரிக்கப்பட்டனர். கரும்புள்ளிகள் தெளிவாகக் குறைந்தது இரு முறை கழுவியவர்களிடம். எண்ணெய் வடியும் முகத்துக்கும் ஜெல் வகை மாய்ஸ்சரைசர் தேவை.

சென்சிட்டிவ் முகத்துக்கு இரவில் ஒரு முறை கிளென்சர், காலையில் வெறும் தண்ணீர். புதிய பொருள் எதையும் முன்கையின் உட்புறத்தில் ஒரு வாரம் தடவிப் பார்த்தபின் முகத்துக்குக் கொண்டுபோவது பாதுகாப்பு.

தொழிலுக்கு ஏற்ற கவனம்

ஈரமான சிமென்ட் கடும் காரத்தன்மை உடையது. முகத்தில் படிந்த தூசி வியர்வையில் நனைந்தால் எரிச்சலைத் தரும். சிமென்டில் சிறிதளவு இருக்கும் குரோமியம் ஒவ்வாமையையும் உண்டாக்கும். கொத்தனார், சித்தாள், ஆலைத் தொழிலாளர் முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைப்பதைத் தவிர்த்து, நிறையத் தண்ணீர் ஊற்றி இறக்கிய பிறகே கிளென்சர் போட வேண்டும்.

அரியலூர் மாவட்டத்தின் செந்துறை, ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் பகுதிகளில் முந்திரி விளைகிறது. முந்திரிக்கொட்டை ஓட்டின் எண்ணெய் தோலை வேகவைக்கும். மாங்காய்ப் பால் பட்டு உதடு புண்ணாவதும் சேங்கொட்டை பட்டுத் தோல் கொப்பளிப்பதும் இதே தாவரக் குடும்பத்தின் வேலை. கொட்டை உடைத்த கையைச் சோப்பால் நன்கு கழுவும் வரை முகத்தைத் தொடக் கூடாது. வயல் வேலை செய்வோருக்கு மக்காச்சோளச் சுணையும், காற்றில் பரவும் பார்த்தீனியத் துகளும் கண்ணிமையிலும் கழுத்திலும் அரிப்பைத் தரும். வேலைக்குப் போகும்போது தலையோடு சேர்த்து முகத்தைச் சுற்றும் துண்டு நல்ல காப்பு. ஆனால் அதைத் தினமும் துவைக்க வேண்டும்.

தீங்கு தரும் பழக்கங்கள்

எலுமிச்சைச் சாறு தடவி வெயிலில் போனால் கருந்திட்டு விழும். ஆப்பச் சோடா காரத்தன்மை உடையது, சருமத்தின் அமிலத்தன்மையைக் கெடுக்கும். பற்பசை பருவைச் சுற்றி எரிச்சல் தரும். தேங்காய் எண்ணெயைத் தலை நிறையத் தேய்ப்பவர்களுக்கு நெற்றி மயிரோரத்தில் பரு வரிசை கட்டும். ஸ்டிக்கர் பொட்டின் பசை சிலருக்கு வெண்திட்டு வரவைக்கும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தீங்கு, முகம் வெளுக்க மருந்துக்கடையில் தாமாக வாங்கிப் பூசும் ஸ்டீராய்டு கிரீம். முதல் வாரங்களில் முகம் பளபளக்கும். நாளடைவில் தோல் மெலிந்து, பரு கிளம்பி, பூச்சை நிறுத்தினால் எரியும் நிலை வரும். இந்தியத் தோல் மருத்துவர்கள் நெடுநாள் வலியுறுத்தியதன் பின், 2018-ல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு பூச்சுமருந்துகளுக்கு மருத்துவர் சீட்டைக் கட்டாயமாக்கியது. திடீரென்று சென்சிட்டிவாக மாறிய முகத்துக்குக் காரணம் தேடும்போது, பூசிவந்த கிரீமின் உறையை முதலில் படிக்க வேண்டும். அது ஸ்டீராய்டு கிரீமாக இருந்து, தொடர்ந்து பூசி வந்திருந்தால் மருத்துவர் சொல்லும் முறையில் நிறுத்துவதே நல்லது.

மருத்துவ உதவி

வலியுள்ள கட்டிப் பரு, தழும்பு விடும் பரு, மூக்கோரமும் புருவமும் செதில் உதிர்த்துச் சிவப்பது, வெயில் பட்டதும் கன்னத்தில் தடிப்பது, பெண்களுக்கு மாதவிலக்கு ஒழுங்கின்மையோடு சேர்ந்த பரு ஆகியவற்றைக் கழுவும் முறையால் தீர்க்க முடியாது. பெரம்பலூர் மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையையோ, 2022 ஜனவரியில் திறந்துவைக்கப்பட்ட அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரியையோ அணுகலாம். போகும்போது, பயன்படுத்தும் சோப்பு, மாவு, கிரீம் எல்லாவற்றையும் ஒரு பையில் எடுத்துச்சென்று காட்டினால் காரணம் கண்டுபிடிப்பது எளிது.