போர்முனைக்கு வெளியே போரைச் சுமந்த சப்ரகமுவத் தோட்டங்கள்

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் போர்முனை எதுவும் இருந்ததில்லை. ஆனாலும் இங்குள்ள தேயிலை, இறப்பர் தோட்டங்களில் வாழ்ந்த தமிழர்கள் வீடு, வேலை, உறவு மூன்றையும் இழந்தார்கள்.

நுவரெலியாவில் மலையகத் தமிழர் செறிந்து வாழ்கின்றனர். சப்ரகமுவவிலோ தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கு இடையே சிதறிக் கிடக்கின்றன. வன்முறை வெடித்தால் ஓடி ஒளிய அயலில் தமிழ் ஊர் இல்லை. 1977 வன்முறைக்குப் பின், 1981 ஓகஸ்டில் இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானைப் பகுதிகளில் தோட்ட மக்கள் தாக்கப்பட்டனர். 1983 யூலை அடுத்த அடி. லயன் அறை தோட்டத்துக்குச் சொந்தமானது. தொழிலாளிக்குக் காணி உறுதி இல்லை. எனவே தப்பியோடியவர்களுக்கு வேலையும் வீடும் ஒன்றாகவே போயின.

பலர் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் சென்றனர். காந்தியம் அமைப்பு அவர்களைக் குடியமர்த்த உதவியது. டொலர் பாம், கென்ட் பாம் பகுதிகளில் குடியேறியிருந்தவர்கள் 1984இல் வெளியேற்றப்பட்டனர். வன்னியில் தங்கியவர்களும் அவர்களது பிள்ளைகளும் 2009இல் மீண்டும் இடம்பெயர்ந்து மெனிக் பாம் முகாம்வரை போனார்கள்.

தோட்டத்தில் எஞ்சியோரையும் போர் விடவில்லை. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் விசாரணையின்றி நீண்ட காலம் தடுத்து வைக்க வழிவிட்டது. கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போன இளைஞர்களுக்குச் சோதனைச் சாவடியில் அடையாள அட்டையே பாதுகாப்பு. பிறப்புப் பதிவு இல்லாதவருக்கு அதைப் பெறுவது கடினம். கைது செய்யப்பட்ட ஒருவருக்காக அலைந்த குடும்பத்துக்கு அந்த நாட்களின் சம்பளமும் இல்லை.

இதன் வேர் 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தில் இருக்கிறது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. 1984இல் தலைமன்னார்–இராமேஸ்வரம் கப்பல் சேவை நின்றதும், கடவுச்சீட்டு பெற்றிருந்தவர்களும் இங்கேயே தேங்கினர். எஞ்சியிருந்த நாடற்றோருக்கு வழிதந்த சட்டம் 2003இல் வந்தது.

இன்று காணாமல் போன ஆட்கள் பற்றிய அலுவலகமும் இழப்பீடுகளுக்கான அலுவலகமும் உள்ளன. வன்னியில் பிள்ளையைத் தொலைத்த பெற்றோர் சப்ரகமுவத் தோட்டமொன்றிலும் இருக்கலாம். உறவை நிரூபிக்க அவர்களுக்கும் ஆவணம் தேவை. எரிந்த லயனோடு போன பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பதிவாளர் அலுவலகத்தில் தேடியெடுக்க உதவுவது, தோட்டத் தொழிற்சங்கங்கள் இன்றே தொடங்கக்கூடிய வேலை.